மக்கள்தொகைப் பூச்சாண்டியும் உழைக்கும் மக்களும்

(கொல்கத்தா கரியாஹாட்டில் 2025 நவம்பரில் நடைபெற்ற தமிழ்த் தோழர்கள் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

இந்த அரங்கிற்கு வரும் வழியில் நீங்கள் அனைவரும் கரியாஹாட் நாற்சந்தியைக் கடந்தே வந்திருப்பீர்கள். நடைபாதையின் இருபுறமும் கடைகள். நடுவில் ஒருவர் பின் ஒருவராகத்தான் நடக்க முடியும். "எங்கு பார்த்தாலும் மக்கள் கூட்டம், இந்த நாடு எப்படி உருப்படும்?" என்று நம்மில் பலர் ஒருமுறையேனும் அலுத்துக்கொண்டிருப்போம். ஆனால் இந்நகரின் கணக்கு வேறு. 2001ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் கொல்கத்தா மாவட்டத்தின் மக்கள்தொகை ஏறத்தாழ 45.73 லட்சம், 2011இல் 44.97 லட்சம். பத்தாண்டுகளில் இந்த நகரம் சிறுத்திருக்கிறது. நாம் இங்கே காணும் நெரிசல் பிறப்பினால் வந்ததன்று. விடியற்காலை ரயிலில் தெற்கு 24 பர்கனாக்களிலிருந்து பாலிகஞ்ச் நிலையத்தில் வந்திறங்கி, இந்த வட்டாரத்து வீடுகளில் பாத்திரம் துலக்கியும், கடைகளில் சுமை தூக்கியும் மாலையில் திரும்பிச் செல்லும் உழைப்பாளிகளின் நெரிசல் இது. ஊரில் வேலை இல்லாததால் வந்த கூட்டத்தைப் பிள்ளைப்பேற்றினால் வந்த கூட்டமாகக் கண்கள் தவறாகப் படித்துவிடுகின்றன.

அந்தத் தவறான வாசிப்பைத்தான் இன்று ஆட்சியாளர்கள் அரசியலாக்கியிருக்கிறார்கள். 2019 ஆகஸ்ட் 15 அன்று செங்கோட்டையிலிருந்து பிரதமர் 'மக்கள்தொகை வெடிப்பு' என்றார். சிறு குடும்பத்தை நாட்டுப்பற்றின் அடையாளமாக்கினார். 2024 பிப்ரவரி இடைக்கால பட்ஜெட்டில், வேகமான மக்கள்தொகைப் பெருக்கத்தையும் மக்கள்தொகை மாற்றங்களையும் ஆராய உயர்மட்டக் குழு என்று அறிவிக்கப்பட்டது. அதே ஆண்டு டிசம்பரில் ஆர்.எஸ்.எஸ். தலைவர் மோகன் பகவத், குடும்பத்துக்கு மூன்று குழந்தைகள் வேண்டும் என்றார். இவ்வாண்டு ஆகஸ்ட் 15 அன்று மீண்டும் செங்கோட்டையிலிருந்து, ஊடுருவல்காரர்கள் மக்கள்தொகையின் சேர்க்கையை மாற்றுகிறார்கள் என்று கூறி, அதற்கென ஓர் உயர்மட்ட இயக்கம் அறிவிக்கப்பட்டது. ஒரே முகாமிலிருந்து 'மிகுதி' என்றும் குரல் வருகிறது, 'போதாது' என்றும் குரல் வருகிறது. இது முரண்பாடு போலத் தோன்றும். யார் மிகுதி, யார் போதாது என்று கேட்டுவிட்டால் முரண்பாடு மறைந்து நோக்கம் தெரிந்துவிடும்.

கணக்கு சொல்வது என்ன?

ஒரு பெண் தன் வாழ்நாளில் சராசரியாக எத்தனை குழந்தைகளைப் பெறுகிறார் என்பதே மொத்தக் கருவள விகிதம். அது 2.1 என்ற அளவில் இருந்தால் ஒரு தலைமுறை தன்னைத் தானே ஈடுசெய்துகொள்கிறது. 1992-93இல் நடந்த முதலாவது தேசியக் குடும்பநல ஆய்வில் இந்தியாவின் விகிதம் 3.4. 2019-21இல் நடந்த ஐந்தாவது ஆய்வில் அது 2.0. ஈட்டு அளவுக்கும் கீழே இறங்கிவிட்டோம். தமிழ்நாடு 1.8, மேற்கு வங்கம் 1.6. உத்தரப் பிரதேசம் 2.4, பீகார் 3.0 என்ற அளவில் உள்ளன. அவையும் இறங்கிக்கொண்டிருக்கின்றன. 2023இல் சீனாவைக் கடந்து உலகின் முதலிடத்துக்கு வந்தோமே என்று கேட்கலாம். இளம் வயதினர் திரளாக உள்ள நாட்டில், குடும்பத்துக்கு இரு குழந்தைகள் என்றானபின்பும் சில பத்தாண்டுகளுக்கு எண்ணிக்கை கூடவே செய்யும். ஓடும் ரயிலின் விசையை நிறுத்தினாலும் அது சிறிது தொலைவு ஓடித்தான் நிற்கும்.

சமய அடிப்படையில் பரப்பப்படும் அச்சத்தையும் இதே ஆய்வு உடைக்கிறது. 1992-93இல் முஸ்லிம் பெண்களின் விகிதம் 4.4, 2019-21இல் 2.36. இந்துப் பெண்களின் விகிதம் 3.3இலிருந்து 1.94 ஆனது. வேகமாகக் குறைந்திருப்பது எது என்பதை நீங்களே பார்த்துக்கொள்ளலாம். கேரளத்து முஸ்லிம் பெண்களின் விகிதம் பீகாரின் இந்துப் பெண்களின் விகிதத்தைவிடக் குறைவு. ஒரு பெண் எத்தனை குழந்தை பெறுகிறாள் என்பதைத் தீர்மானிப்பது அவள் வணங்கும் தெய்வமன்று. அவள் எத்தனை ஆண்டு பள்ளிக்குச் சென்றாள், பெற்ற குழந்தை பிழைக்கும் என்ற நம்பிக்கை அவளுக்கு உண்டா, கையில் கூலி உண்டா என்பவையே தீர்மானிக்கின்றன.

'வங்கத்துக்குள் ஊடுருவல் வெள்ளம்' என்ற கூற்றை எடுத்துக்கொள்வோம். 1981-91 பத்தாண்டில் மேற்கு வங்கத்தின் வளர்ச்சி 24.73 சதவீதம். அடுத்த பத்தாண்டில் 17.77. 2001-11இல் 13.84. அதே காலத்தில் இந்தியாவின் வளர்ச்சி 17.7 சதவீதம், தமிழ்நாட்டின் வளர்ச்சி 15.61. எல்லை ஓரத்து வங்கம், எல்லையே இல்லாத தமிழ்நாட்டைவிடக் குறைவாக வளர்ந்திருக்கிறது! வெள்ளம் வந்திருந்தால் நீர்மட்டம் உயர்ந்திருக்க வேண்டாமா? எல்லைக்கு அப்பால் உள்ள வங்கதேசத்தின் கருவள விகிதமும் 2.3 அளவுக்கு இறங்கிவிட்டது. அது பீகாரைவிடக் குறைவு. எல்லை கடந்து எவரும் வரவில்லை என்று நான் சொல்லவில்லை. பிரிவினைக்குப் பிறகு வந்த அகதிகளால் உருவான குடியிருப்புகள் இங்கிருந்து நடக்கும் தொலைவில், ஜாதவ்பூர் பக்கம் இருக்கின்றன. 1951 கணக்கெடுப்பின்போதே மேற்கு வங்கத்தில் அகதிகள் ஏறத்தாழ 21 லட்சம் பேர். இந்த மாநிலத்தின் இடதுசாரி இயக்கமே அவர்களுடைய போராட்டத்தில் வேர்பிடித்தது. வந்தவர்களை எதிரிகளாகப் பார்க்காமல் தோழர்களாகப் பார்த்த மரபு நம்முடையது.

மால்தஸின் நிழல்

ஏழைகள் பெருகுவதே ஏழ்மைக்குக் காரணம் என்ற கோட்பாட்டை 1798இல் மால்தஸ் எழுதினார். 1805இல் அவர் கிழக்கிந்தியக் கம்பெனியின் கல்லூரியில் பேராசிரியரானார். இந்தியாவை ஆளப் புறப்பட்ட அதிகாரிகள் பயின்ற கல்லூரி அது. பஞ்சம் இயற்கையின் கட்டளை, அரசு தலையிட வேண்டியதில்லை என்ற சிந்தனையுடன் நம் நாட்டை ஆண்டவர்கள் பலர் அந்தப் பள்ளியில் வார்க்கப்பட்டவர்களே. அதன் விலையை வங்கம் 1943இல் மீண்டும் செலுத்தியது. மாண்டோர் 15 லட்சம் என்றது அரசு அமைத்த விசாரணைக் குழு. 30 லட்சம் அளவில் இருக்கும் என்று பின்னர் மதிப்பிட்டார் அமர்த்தியா சென். மக்கள் மிகுந்து உணவு குறைந்ததாலா அந்தச் சாவுகள்? இல்லை. 1943இன் உணவு இருப்பு 1941இன் இருப்பைவிடக் கூடுதல் என்று சென் காட்டினார். 1941இல் பஞ்சம் இல்லை. விலையேற்றமும் பதுக்கலும் போர்க்காலக் கொள்கைகளும், கூலியைத் தவிர வேறொன்றும் இல்லாதவர்களின் தட்டிலிருந்து சோற்றைப் பறித்தன. அரிசி இருந்தது, அதை வாங்கும் வலு கிராமத்து ஏழைகளுக்கு இல்லை.

எல்லாக் காலத்துக்கும் பொருந்தும் மக்கள்தொகை விதி என்று ஒன்று கிடையாது. ஒவ்வோர் உற்பத்தி முறைக்கும் அதனதன் விதி உண்டு என்று மார்க்ஸ் 'மூலதனம்' முதல் தொகுதியில் விளக்கினார். முதலாளித்துவத்தில் 'மிகை'யாகத் தோன்றும் மக்கள், நிலத்துக்கும் உணவுக்கும் மிகையானவர்கள் அல்லர். மூலதனத்தின் இலாபத் தேவைக்கு மிகையானவர்கள். கூலியைத் தாழ்த்தி வைக்க அந்தச் சேமப்படை மூலதனத்துக்குத் தேவைப்படுகிறது. கட்சி ஆவணங்களை மொழிபெயர்ப்பது என் பணி. 'உபரி மக்கள்தொகை' என்று எழுதும்போதெல்லாம் 'சார்புநிலை' என்ற அடைமொழியை விட்டுவிடக் கூடாது என்று எனக்கு முன்னிருந்த தோழர் ஒருவர் கண்டிப்பாகச் சொல்லுவார். அந்த ஒரு சொல் விடுபட்டால் மார்க்ஸ் போய் மால்தஸ் வந்து உட்கார்ந்துவிடுவார். அதே நான்தான், தொடக்க ஆண்டுகளில் 'மக்கள்தொகை வெடிப்பு' என்ற தொடரைத் தயக்கமின்றி எழுதியிருக்கிறேன். மனிதர் பிறப்பதை வெடிகுண்டாக்கும் அந்தச் சொல் யாருடையது என்று எண்ணிப் பார்க்கவில்லை.

வெளியே உள்ள நடைபாதை வணிகர்களைப் பாருங்கள். அகதிகளாக வந்தவர்களும், ஆலை மூடப்பட்டதால் வேலை இழந்தவர்களும், அவர்களுடைய பிள்ளைகளும் இவர்களில் பலர். மூலதனம் மிகை என்று ஒதுக்கியவர்கள், தமக்குத் தாமே வேலை உண்டாக்கிக்கொண்டார்கள். 1996 நவம்பரில் 'ஆபரேஷன் சன்ஷைன்' என்ற பெயரில், ஒரே இரவில் இந்தச் சாலையின் கடைகள் இடித்து அகற்றப்பட்டன. அப்போது ஆட்சியில் இருந்தது இடது முன்னணி. இதை நாம் மறைக்க வேண்டியதில்லை. 'மிகை மக்கள்' என்ற பார்வை எவ்வளவு எளிதாக நமக்குள்ளும் நுழைந்துவிடும் என்பதற்கு அது சான்று. அந்த வணிகர்கள் திரும்பி வந்தார்கள். வேறு வழி இல்லாதவர்கள் திரும்பித்தான் வருவார்கள்.

இன்று மால்தஸின் நிழல் ஆப்பிரிக்கக் கண்டத்தின் மீது விழுந்திருக்கிறது. 1950இல் 23 கோடி அளவில் இருந்த அக்கண்டத்தின் மக்கள்தொகை இப்போது 150 கோடி அளவில் இருக்கிறது. மேலை நாட்டு ஏடுகள் இதைப் பேரிடராகவே எழுதுகின்றன. ஆனால் ஒரு சதுர கிலோமீட்டருக்கு அங்கே வாழ்வோர் ஏறத்தாழ 50 பேர். இந்தியாவில் 430க்கும் மேல். அடிமை வணிகத்தில் நூற்றாண்டுக் கணக்கில் மனிதரைக் கவர்ந்து சென்றவர்களும், அக்கண்டத்தின் கனிமங்களை இன்றும் அள்ளிச் செல்பவர்களும் அங்குள்ள தாய்மார்களின் பிள்ளைப்பேற்றைக் குறைகூறுவது வேடிக்கை. பெண் பள்ளிக்கூடம் சென்ற இடத்தில், பிறந்த குழந்தை பிழைக்கும் இடத்தில், விகிதம் தானாகவே இறங்கும் என்பதற்கு நம் தென்மாநிலங்களே சான்று.

பெண்ணின் உடலும் அரசின் கையும்

குடும்பக் கட்டுப்பாட்டை அரசுத் திட்டமாக 1952இல் தொடங்கிய முதல் நாடு இந்தியா. நெருக்கடி நிலைக் காலத்தில் அது வன்முறையானது. 1976-77 ஒரே ஆண்டில் 80 லட்சத்துக்கும் மேற்பட்ட கருத்தடை அறுவைகள் நடந்தன. பெரும்பாலும் ஏழை ஆண்கள்மீது. மக்கள் 1977 தேர்தலில் அதற்குப் பதில் சொன்னார்கள். அதன்பின் அரசின் கை பெண்களின் பக்கம் திரும்பியது. ஐந்தாவது ஆய்வின்படி மணமான பெண்களில் 37.9 சதவீதத்தினர் கருத்தடை அறுவை செய்துகொண்டவர்கள்; ஆண்களின் அறுவையை நம்பியிருப்போர் 0.3 சதவீதம். 2014இல் சத்தீஸ்கரின் பிலாஸ்பூர் மாவட்டத்தில் நடந்த கருத்தடை முகாமுக்குப் பின் 13 பெண்கள் இறந்தனர். இலக்குக்காக நடத்தப்படும் திட்டத்தில் பெண் ஓர் எண்ணாகிவிடுகிறாள்.

கருத்தடை என்பது பெண்ணின் உரிமை; மக்கள்தொகைக் கட்டுப்பாடு என்பது அரசின் ஆணை. இரண்டையும் பிரித்துப் பார்க்க 1913இலேயே லெனின் கற்பித்தார். கருத்தடைக்கு எதிரான சட்டங்களை நீக்கக் கோரிய அதே கட்டுரையில், பிள்ளை குறைந்தால் வறுமை தீரும் என்ற புதுமால்தசியத்தை அவர் மறுத்தார். தமிழ்நாட்டில் பெரியாரும் தம் வழியில் இந்த வேறுபாட்டைக் கண்டார். நாட்டின் வறுமைக்காகவும் உடல்நலத்துக்காகவும் மற்றவர்கள் கர்ப்பத்தடையைப் பேசியபோது, பெண்ணின் விடுதலைக்காக அது வேண்டும் என்றவர் அவர். தமிழ்நாட்டின் விகிதம் இறங்கியதில் அந்த இயக்கத்துக்கும், பள்ளிக்கும், சத்துணவுக்கும், ஆரம்ப சுகாதார நிலையத்துக்கும் பங்கு உண்டு. 1990களின் தொடக்கத்திலேயே தமிழ்நாடு ஈட்டு அளவை எட்டிவிட்டது.

ஆனால் குறைந்த விகிதம் மட்டுமே பெண் விடுதலையின் அளவுகோல் ஆகாது. மேற்கு வங்கத்தின் விகிதம் 1.6 என்றேன். அதே மாநிலத்தில் 20 முதல் 24 வயதுப் பெண்களில் 41.6 சதவீதத்தினர் 18 வயதுக்கு முன்பே மணம் முடிக்கப்பட்டவர்கள். தமிழ்நாட்டில் இது 12.8 சதவீதம். இதை இன்றைய மாநில ஆட்சியின் தோல்வி என்று சொல்லிக் கடந்துவிட முடியாது. 2005-06 ஆய்வில் அது பாதிக்கும் மேல். அப்போது நாம் ஆட்சியில் இருந்தோம். நிலச் சீர்திருத்தமும் பஞ்சாயத்து ஆட்சியும் நிறைவேறிய கிராமத்தில், வீட்டுக்குள் நிலவிய அதிகாரத்தை நாம் போதுமான அளவு தொடவில்லை. எதிரியைக் குறை சொல்லும் உரிமை, நம் குறையை ஒப்புக்கொள்பவர்களுக்கே உண்டு.

"தண்டனை நமக்கா?"

சென்ற கூட்டத்தின் முடிவில் ஓர் இளம் தோழர் என்னிடம் கேட்டார்: "நாம் கட்டுப்படுத்தினோம். அவர்கள் பெற்றுத் தள்ளினார்கள். நாடாளுமன்றத்தில் இடம் குறையும் தண்டனை மட்டும் நமக்கா?" அன்று நேரமில்லை. இன்று அந்தக் கேள்விக்குத்தான் விடை சொல்ல வந்திருக்கிறேன்.

கேள்வியின் ஒரு பாதி முற்றிலும் நியாயமானது. மக்களவை இடங்கள் 1971 கணக்கெடுப்பின் அடிப்படையில் நிறுத்தி வைக்கப்பட்டுள்ளன. 1976இல் 42ஆவது திருத்தம் அதைச் செய்தது. பின்னர் 84ஆவது திருத்தம் 2026க்குப் பின் நடக்கும் முதல் கணக்கெடுப்பு வரை நீட்டித்தது. 1971இல் இந்திய மக்கள்தொகையில் தமிழ்நாட்டின் பங்கு ஏறத்தாழ 7.5 சதவீதம், 2011இல் 6 சதவீதம். மேற்கு வங்கத்தின் பங்கும் குறைந்துள்ளது. ஏற்கெனவே 1967இல் நம் இடங்கள் 41இலிருந்து 39 ஆகிவிட்டன. 1881 முதல் பத்தாண்டுக்கு ஒருமுறை தவறாமல் நடந்த கணக்கெடுப்பு, உலகப் போர் நடந்த 1941இலும் நடந்த கணக்கெடுப்பு, 2021இல் நடக்கவில்லை. இப்போது 2027 மார்ச் 1 என்று நாள் குறித்திருக்கிறார்கள். அதைக் கொண்டு தொகுதி மறுவரையறை செய்தால், மாநிலங்களின் சமநிலை குலையும். பெண்களுக்கான மூன்றில் ஒரு பங்கு இடஒதுக்கீட்டையும் அந்த மறுவரையறையோடு கட்டிப் போட்டிருக்கிறார்கள். கூட்டாட்சியைக் காக்கும் இந்தப் போராட்டத்தில் நாம் முன்னணியில் நிற்க வேண்டும்.

கேள்வியின் மறுபாதிதான் எனக்குக் கவலை தருகிறது. 'பெற்றுத் தள்ளினார்கள்' என்பது யாரை? சமஸ்திபூரிலிருந்து வந்து கரியாஹாட் சந்தையில் மூட்டை தூக்கும் தொழிலாளியையா? திருப்பூர்ப் பின்னலாடை ஆலையில் நிற்கும் பீகார் இளைஞரையா? அவர் தாய்க்குப் பள்ளிக்கூடத்தை மறுத்தது அவரன்று. நிரந்தர ஜமீன் ஏற்பாடு அவர் நிலத்தைச் சிதைத்தது. 1952இல் வந்த சரக்குக் கட்டணச் சமன்பாட்டுக் கொள்கை, நிலக்கரியும் இரும்பும் தோண்டிய பீகாருக்கும் வங்கத்துக்கும் இருந்த சாதகத்தைப் பறித்து, தொலைவில் இருந்த மாநிலங்களின் ஆலைகளுக்கு உதவியது. 40 மக்களவை உறுப்பினர்கள் இருந்தும் அவருக்குச் சொந்த ஊரில் வேலை கிடைக்கவில்லை. திருப்பூரில் உழைக்கும் அவருக்கு, வாக்குச்சீட்டு பெரும்பாலும் ஊரில்தான். நம் உரிமைக்கான குரல் அவரை இழிவு செய்யும் குரலாக மாறினால், இழப்பு நமக்கு. இலாபம் நம் இருவரையும் ஆள்பவர்களுக்கு.

தமிழர்களாகிய நமக்கு இன்னொரு நினைவும் இருக்க வேண்டும். இலங்கைத் தோட்டங்களில் தலைமுறைகளாக உழைத்த மலையகத் தமிழர், 1947 தேர்தலில் தம் பிரதிநிதிகள் ஏழு பேரை நாடாளுமன்றத்துக்கு அனுப்பினர். வேறு பல தொகுதிகளில் இடதுசாரி வேட்பாளர்களின் வெற்றிக்கும் துணை நின்றனர். மறு ஆண்டே, 1948இல், குடியுரிமைச் சட்டம் அவர்களில் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. தொடர்ந்து வாக்குரிமையும் போயிற்று. 'வந்தேறிகள் பெருகிவிட்டார்கள்' என்பதே அன்றும் சொல்லப்பட்ட காரணம். 1964 சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று மனிதர் பங்கிடப்பட்டனர். 1,50,000 பேரின் தலைவிதி பின்னர் பார்த்துக்கொள்ளலாம் என்று ஒத்திவைக்கப்பட்டது. இவ்வாண்டு கோடை முதல், வங்க மொழி பேசியதற்காகவே வெளி மாநிலங்களில் தொழிலாளர்கள் பிடித்து வைக்கப்பட்டதையும், சிலர் எல்லைக்கு அப்பால் தள்ளப்பட்டதையும் நாளிதழ்களில் படித்தோம். அந்தச் செய்தியைப் படிக்கையில் ஹட்டனும் நுவரெலியாவும் நம் நினைவுக்கு வராவிட்டால், நம் வரலாற்றை நாம் படிக்கவில்லை என்றே பொருள்.

நம் முன் உள்ள பணிகள்

முதலாவதாக, வாக்காளர் பட்டியலின் சிறப்புத் தீவிரத் திருத்தம் நவம்பர் 4 முதல் இங்கும் தமிழ்நாட்டிலும் நடந்துகொண்டிருக்கிறது. 2002ஆம் ஆண்டுப் பட்டியலில் தம் பெயரையோ பெற்றோர் பெயரையோ தேடி ஏழைகள் அலைகிறார்கள். லேக் மார்க்கெட் பக்கம் வாழும் நம் தமிழ்க் குடும்பங்களோடு நில்லாமல், ரயில் பாதையோரக் குடிசைகளுக்கும் சென்று படிவம் நிரப்ப உதவுங்கள். எழுதப் படிக்கத் தெரிந்த ஒவ்வொரு தோழரும் மாலையில் இரண்டு மணி நேரம் ஒதுக்கினால் போதும்.

இரண்டாவதாக, கணக்கெடுப்பின் தாமதம் வெறும் புள்ளிவிவரச் சிக்கலன்று என்பதை மக்களிடம் விளக்க வேண்டும். உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 81.35 கோடி என்ற வரம்பு 2011 கணக்கின் மீது நிற்கிறது. அதன்பின் பிறந்து வளர்ந்த கோடிக்கணக்கானோர் ரேஷன் அட்டைக்கு வெளியே நிற்கிறார்கள். மக்கள் மிகுதி என்று முழங்கும் அரசு, அந்த மக்களை எண்ண மறுத்தது ஏன்? எண்ணினால் அரிசி கொடுக்க வேண்டியிருக்கும்.

மூன்றாவதாக, முதுமை. தமிழ்நாட்டில் 2021இலேயே நூற்றுக்குப் பதின்மூவருக்கு மேல் 60 வயதைக் கடந்தவர்கள் என்று மதிப்பிடப்பட்டது. நாளைய இந்தியாவின் கேள்வி தொட்டில் பற்றியதன்று, ஊன்றுகோல் பற்றியது. ஒன்றிய அரசின் முதியோர் ஓய்வூதியப் பங்கு 60 முதல் 79 வயது வரை மாதம் 200 ரூபாய். அணிதிரட்டப்படாத தொழிலாளிக்கு வாழத்தக்க ஓய்வூதியம் என்பது நம் தொழிற்சங்கங்களின் முதன்மைக் கோரிக்கைகளில் ஒன்றாக வேண்டும். 'பதினாறு பெறுங்கள்', 'மூன்று பெறுங்கள்' என்று மேடையிலிருந்து பெண்களுக்கு ஆணையிடுவோரிடம், பிறந்திருக்கும் குழந்தைக்கு அங்கன்வாடியும் தாய்க்கு வேலையும் எங்கே என்று கேட்க வேண்டும்.

தோழர்களே, கூட்டம் முடிந்து நீங்கள் மீண்டும் அதே நடைபாதையில் நடப்பீர்கள். நெரிசலில் யாரேனும் உங்கள் தோளில் இடிப்பார்கள். அவர் ரயிலைப் பிடிக்க ஓடும் வீட்டுவேலைத் தொழிலாளியாக இருக்கலாம். கடையைக் கட்டி வைக்கும் அகதியின் பேரனாக இருக்கலாம். மூட்டையைச் சுமந்து செல்லும் பீகார்த் தோழராக இருக்கலாம். அவர்களை மிகை என்று சொல்லும் அமைப்புதான் இந்நாட்டுக்கு மிகை. நாளை மாலை முதல் படிவங்களோடு அவர்கள் வீட்டு வாயிலில் நிற்போம்.